அக்கரை வீட்டு வாசற்படி

சிம்வாங்கா
11 மே 1997

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நன்றாக எழுந்தோம். நீங்கள் எப்படி எழுந்தீர்களோ, அதைப் பொறுத்ததுதான் எங்கள் நன்மையும். உங்கள் மாப்பிள்ளை வைசன் நலம். கோழிகள் நலம். சோளம் போன வருடத்துக்கு இந்த வருடம் பரவாயில்லை.

இந்தக் கடிதம் நலம் விசாரிக்க மட்டும் எழுதியதல்ல. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

ஊருக்குத் தொண்டர் குழு ஒன்று வந்திருக்கிறது. லிலோங்வே கல்லூரிப் பையன்கள் நான்கு பேர், டென்மார்க்கிலிருந்து காரின் என்று ஒரு பெண். அக்கரையில் ஆஸ்பத்திரியை ஒட்டி ஒரு வீடு கட்டலாம் என்கிறார்கள். பிள்ளை பெறப்போகிற பெண்கள் ந்தேமா ஆறு பெருகுவதற்கு முன்பே போய் அதில் தங்கிக்கொள்ளலாம். பெற்றெடுத்து, தண்ணீர் வடிந்ததும் பிள்ளையோடு திரும்பி வரலாம். கூரைத் தகடு, சிமெண்ட், கதவு, கட்டில் எல்லாம் அவர்கள் தருவார்கள். செங்கல், மணல், தண்ணீர், சுவர் எழுப்புவது நம் ஊர் பொறுப்பு. மழைக்கு முன் சுவர் நிற்காவிட்டால் தகடுகள் வேறு ஊருக்குப் போய்விடும்.

ஊர்த்தலைவி லெமியா கூட்டம் போட்டார். கட்டிடக் குழுவுக்கு யார் தலைமை என்று கேட்டபோது எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இடம்தான் சங்கதி. ஆஸ்பத்திரியை ஒட்டி இருப்பது அம்மாவின் கீரைத் தோட்டம். அம்மா வழி நிலம். அந்த வழியில் ஆண் என்று இருப்பது நீங்கள் ஒருவர். உங்கள் வார்த்தை இல்லாமல் அங்கே ஒரு குச்சி நடமாட்டேன் என்று கூட்டத்தில் சொன்னேன். பெரியவர் கபிச்சி சிரித்தார். "உங்கண்ணன் மச்சோனா ஆச்சே. ஜோனிக்குப் போய்த் தொலைஞ்சவன் வார்த்தை எந்த பஸ்ல வரும்?" என்றார். "லக்சன் ஓட்டற பஸ்ல வரும்" என்றேன். ஆகவே லக்சனிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மா அந்த ஆஸ்பத்திரி விளக்கைப் பார்த்தபடி இக்கரையில் கிடந்துதான் போனாள். என் வயிற்றில் இருந்த இரண்டும் போனது அதே கரையில்தான். இதற்கு மேல் நான் என்ன எழுத.

உங்கள் வார்த்தைக்குக் காத்திருக்கும்,
தங்கை எனெலேசி

*

ஜோஹன்னஸ்பர்க்
8 ஜூன் 1997

தங்கை எனெலேசிக்கு,

நீ எழுந்தாய் என்றால் நானும் எழுந்தேன். முதுகுதான் எனக்குப் பிறகு அரைமணி கழித்து எழுகிறது. வேறு குறையில்லை.

கபிச்சிக் கிழவரிடம் சொல், சகேயோ தொலையவில்லை என்று. இந்த ஊரில் சுவரின் நடுவை யார் வேண்டுமானாலும் கட்டுவார்கள். மூலை என்றால் "மலாவிக்காரனைக் கூப்பிடு" என்பார்கள். அந்த மலாவிக்காரன் நான். மூலை நேராக நின்றால்தான் நடு நிற்கும். இப்போது ஒரு வங்கிக்குக் கட்டிக்கொண்டிருக்கிறோம். தெருமுனையில் நின்று அண்ணாந்து பார்த்தால் தொப்பி விழுந்துவிடும். அதன் நான்கு மூலையும் என் கை.

நிலம் தந்தேன். அம்மா கீரை பறித்த இடத்தில் அம்மாவைப் போன்றவர்கள் படுத்து எழட்டும். இதைத் தலைவிக்கும் ஊருக்கும் வாசித்துக் காட்டு.

ஆனால் ஒரு பேச்சு. கொத்தன் இருக்கிற குடும்பத்தின் நிலத்தில் இன்னொருவன் மூலை வைத்தால் எனக்கு என்ன மரியாதை? நான்கு மூலையையும் எனக்கு விட்டு வை. கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். அதுவரை செங்கல் அறுத்து அடுக்கி வையுங்கள்.

உன்மேல் பொறுப்புள்ள அண்ணன்,
சகேயோ

*

சிம்வாங்கா
13 ஜூலை 1997

அன்புள்ள அண்ணனுக்கு,

குளிரிலும் நாங்கள் நன்றாகவே எழுகிறோம். உங்கள் முதுகையும் உங்களோடு சேர்ந்து எழச் சொல்லுங்கள். எனக்கு மட்டும் காலையில் களி உள்ளே இறங்க மறுக்கிறது. குளிர்தான் காரணமாக இருக்கும்.

உங்கள் வார்த்தையைக் கூட்டத்தில் வாசித்தேன். வங்கி மூலை வரைக்கும் ஒன்று விடாமல் வாசித்தேன். ஊர் கை தட்டியது. கபிச்சி மட்டும் "தொப்பி விழுந்ததா, தலை விழுந்ததா?" என்று கேட்டார்.

செங்கல் அறுக்கிறோம். நல்ல மண் கபிச்சி வீட்டுப் பின்புறப் புற்றில்தான் இருக்கிறது. அவரோ, "என் புத்து, என் கரையான்" என்று முதலில் மறித்தார். பிறகு பெண்கள் எல்லோரும் சேறு மிதித்துக்கொண்டே அவர் பெயரைப் போட்டுப் பாட்டுக் கட்டியதும் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்து கேட்டார். காரினும் எங்களோடு அச்சில் மண் போடுகிறாள். அவள் அறுத்த செங்கல் ஒன்றுகூடச் சதுரமாக இல்லை. அதையெல்லாம் தனியே அடுக்கி வைத்து, "இது டென்மார்க்" என்கிறார்கள். அவளே அதிகம் சிரிக்கிறாள்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வருடாவருடம் அந்த வரியை வாசிக்கிறேன், எழுத்து மட்டும் அழகாகிக்கொண்டே வருகிறது. அண்ணா, மழை உங்கள் விடுப்புக்குக் காத்திருக்காது. நவம்பரில் கொட்டிவிடும். அக்டோபரில் சுவர் எழ வேண்டும். வைசன் மூலை வைப்பார். அவர் பள்ளிக்கூடச் சுவர் கட்டியவர்.

ஏன் இந்த வருடமே வேண்டும், அடுத்த வருடம் வேறு குழு வராதா என்று கேட்பீர்கள். தகடு போய்விடும். அவ்வளவுதான் காரணம்.

கோபிக்காமல் பதில் எழுதுங்கள்.

எனெலேசி

*

ஜோஹன்னஸ்பர்க்
17 ஆகஸ்ட் 1997

எனெலேசிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

மாப்பிள்ளை வைசன் சோளம் நடுவதில் கெட்டிக்காரர். அவர் கட்டிய பள்ளிக்கூடச் சுவர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று ஆடுகளைக் கேட்டால் தெரியும், அந்தப் பக்கம்தான் நிழல் அதிகம்.

நிலம் கேட்டபோது அண்ணன் வேண்டும். மூலை வைக்கும்போது அண்ணன் மச்சோனா. அப்படித்தானே? வேறு காரணம் இருந்தால் எழுது. "அவ்வளவுதான்" என்று எழுதாதே.

கிறிஸ்துமஸுக்கு முன் ஒரு மூலை எழுந்தது என்று கேள்விப்பட்டால், நிலம் தரவில்லை என்று தலைவி லெமியாவுக்கு நேராக எழுதிவிடுவேன்.

சகேயோ

*

சிம்வாங்கா
21 செப்டம்பர் 1997

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் நன்றாக எழுந்தோம் என்று இந்த முறை எழுத முடியவில்லை. பெரியவர் கபிச்சி எழவில்லை. மற்றவர்கள் நலம். உங்கள் முதுகு எப்படி இருக்கிறது?

உங்கள் மிரட்டலுக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

செங்கல் காய்ந்து, சூளை அடுக்கி, மேலே மண் பூசி முடித்தாயிற்று. சூளை கபிச்சி வீட்டுக்குப் பின்னால்தான். அவர் படுக்கையில் இருந்தார். நோயாளி வீட்டருகே சூளை பற்றவைப்பது யோசிக்க வேண்டிய காரியம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு அவசரம். அவரிடமே போய்க் கேட்டோம். "தாராளமா பத்த வைங்கடி. நான் செத்து அணைச்சுக் காட்டறேன்" என்றார். நாங்கள் சிரித்தோம், அவரும் சிரித்தார். பற்றவைத்தோம்.

மறுநாள் மதியம் செத்துப்போனார்.

உங்களுக்குத் தெரியாததா. பிணம் வீட்டில் இருக்கும்போது உலக்கை போடக்கூடாது, மண்வெட்டி தொடக்கூடாது. ஊரே கையைக் கட்டி உட்கார வேண்டும். அவர் மகள்கள் ப்ளான்டயரிலிருந்து வந்து சேர்ந்த பிறகுதான் அடக்கம். அதற்குள் சூளைக்கு விறகு தள்ளினால், நாளைக்கு நம் வீட்டில் ஒன்று விழும்போது குழி வெட்ட ஒருவனும் வரமாட்டான். தள்ளாவிட்டால் சூளை அணைந்துவிடும். பாதி வெந்த செங்கல் முதல் மழையிலேயே சேறு. மறுபடி அறுத்துக் காயவைக்க மழை நாள் கொடுக்காது. அந்த வீடு இந்த வருடம் இல்லை என்று ஆகிவிடும்.

விறகு போட்டுக்கொண்டிருந்தவர்கள் கட்டைகளைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.  நேராகச் சாவு வீட்டுக்குப் போனேன். சாவு வீட்டில் தலைவியின் பேச்சைவிடக் குழிவெட்டிகளின் பேச்சுதானே செல்லும். அவர்களுக்குப் பெரியவர் பிசெக்கி. வாசல் மாமரத்தடியில் நின்றுகொண்டே அவரிடம் கேட்டேன்.

"அய்யா, சாவு வீட்டு வாசல்ல நெருப்பு எரியணுமா, வேண்டாமா?"

"எரியணும்."

"ஆம்பளைங்க அதைச் சுத்தி உட்காரணுமா, வேண்டாமா?"

"அடக்கம் ஆகற வரைக்கும் உட்காரணும். அதுக்கென்ன இப்போ?"

"நடுவுல அது அணைஞ்சா?"

"செத்தவனுக்கு அவமானம்."

"அந்த நெருப்பு இத்தனை பெரிசுதான் இருக்கணும்னு யாராவது அளந்து வச்சிருக்காங்களா?"

பிசெக்கி மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கபிச்சியின் மருமகன், அவர் தங்கை மகன், அவருக்குப் பிறகு அந்த வீட்டுக்குப் பெரியவன், அழுதுகொண்டிருந்தவன் எழுந்து வந்தான். "செத்து அணைச்சுக் காட்டறேன்னாராம் மாமா. அவர் ஜெயிக்கக்கூடாது. இந்த வீட்டு வாசல் இன்னிக்குப் பின்பக்கம்" என்றான். சாவு வீடு என்பதையும் மறந்து இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

பிசெக்கி சொன்னார்: "சூளைக்கு எவனும் விறகு போடக்கூடாது. அது வேலை. துக்கத்துக்கு உட்கார்ந்தவன் குளிருதுன்னு ஒரு கட்டையை நெருப்புல வச்சா, அது வேலை இல்லை."

அண்ணா, செப்டம்பர் வெயிலில் இந்த ஊர் ஆண்கள் ஒருவர் பாக்கி இல்லாமல் எல்லோருக்கும் குளிரெடுத்தது. துக்கம் கேட்க வந்த பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் குளிரெடுத்தது. பாய்களைத் தூக்கிக்கொண்டு போய்ச் சூளையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பெண்கள் உள்ளே பிணத்தோடு பாட, ஆண்கள் வெளியே சூளையோடு பாட, இப்படி ஒரு சாவு நான் பார்த்ததில்லை.

நடுவில் காரின் வண்டியில் வந்து இறங்கினாள். அத்தனை ஆண்களும் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவள் முகம் தொங்கிவிட்டது. கல்லூரிப் பையன் ஒருவன் விஷயத்தைக் காதில் சொன்னான். அவள் செருப்பைக் கழற்றினாள். பிறகு ஆண்களுக்குள் போய் உட்கார்ந்து, "எனக்கும் குளிருது" என்றாள், நம் பாஷையில். ஒரு கட்டையை வைத்தாள். பக்கத்தில் இருந்தவர் இன்னொரு கட்டையை அவள் கையில் கொடுத்தார்.

அடக்கம் முடிந்து சூளை ஆறிப் பிரித்தபோது செங்கல்லைத் தட்டினால் வெண்கலப் பாத்திரம் மாதிரி கேட்கிறது. இந்தப் பக்கத்தில் இத்தனை பெரிய நெருப்போடு போன மனிதர் யாரும் இல்லை என்று கபிச்சியின் மகள்கள் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

நான் சூளைப் பக்கம் போகவில்லை, தள்ளி நின்றே கத்தினேன். இடுகாட்டுக்கும் போகவில்லை. கால் வலி.

இனி உங்கள் மிரட்டல். தலைவிக்குத் தாராளமாக எழுதுங்கள். சுவர் எழும். நிலம் வேண்டுமென்றால் சுவரோடு பெயர்த்து ஜோனிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். கோபத்தில் எழுதவில்லை, அண்ணா. எனக்குப் பெருமையாக இருக்கிறது. அதைச் சொல்ல உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்.

எனெலேசி

*

ஜோஹன்னஸ்பர்க்
5 அக்டோபர் 1997

அருமைத் தங்கைக்கு,

நான் நன்றாக எழுந்தேன். நீ நன்றாக எழு. நன்றாகச் சாப்பிடு.

உன் கடிதத்தை மதியச் சாப்பாட்டு வேளையில் நம் ஊர்ப் பையன்களுக்கு உரக்க வாசித்தேன். "அது வேலை இல்லை" என்று பிசெக்கி சொன்ன இடத்தில் எல்லோரும் தரையைத் தட்டினார்கள். ஒருவன் இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னான். இப்போது யாராவது வேலை நேரத்தில் சும்மா உட்கார்ந்தால், "என்ன, குளிருதா?" என்றுதான் கேட்கிறோம். கபிச்சி நல்ல மனிதர். என்னை மச்சோனா என்றதை மறந்துவிட்டேன். கொஞ்சம்.

அறைக்கு வந்து தனியாக இன்னொரு தடவை வாசித்தேன். கால் வலி என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும், நீ சின்னவள். பக்கத்து வீட்டில் ஒரு சாவு. எல்லோரும் இடுகாட்டுக்குப் போக, அம்மா மட்டும் வாசலில் நின்றுவிட்டாள். "நீ ஏம்மா வரலை?" என்று கேட்டேன். "கால் வலிடா" என்றாள். அந்தக் கால் வலியோடுதான் அம்மா அந்த வருட மழையில் ஆற்றங்கரைக்குப் போனாள். ஊரில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், சொன்னால் கண் படும். எனக்கு விவரம் புரிந்தபோது அம்மா இல்லை.

நான் கேட்கமாட்டேன். நீயும் எழுதாதே.

மூலை எனக்காகக் காத்திருக்க வேண்டாம். மாப்பிள்ளை வைக்கட்டும். சீக்கிரம் வைக்கட்டும். லக்சனிடம் சுவர் நேர் பார்க்கிற என் தூக்குக்குண்டைக் கொடுத்தனுப்புகிறேன். நான் முதல் மூலை கட்டிய நாளிலிருந்து என் இடுப்பில் இருந்த குண்டு அது. நூலைப் பிடித்தால் குண்டு பொய் சொல்லாது. செங்கல்லைத் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கச் சொல். முதலில் நான்கு மூலை, பிறகு நூல், பிறகு நடு. ஆட்டு நிழல் பற்றி எழுதியதை மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டாதே. காட்டியிருந்தால் மன்னிக்கச் சொல்.

நீ செங்கல் சுமக்காதே. இது கொத்தன் சொல்வதல்ல, அண்ணன் சொல்வது.

சகேயோ

*

சிம்வாங்கா
9 நவம்பர் 1997

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் எல்லோரும் நன்றாக எழுந்தோம். வீடும் எழுந்துவிட்டது.

தூக்குக்குண்டு வந்த அன்று வைசன் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குள் ஒரு மூலையை இடுப்பளவு எழுப்பியிருந்தார். போய் நூலைப் பிடித்துப் பார்த்தார். கட்டைவிரல் அகலம் சாய்ந்திருந்தது. யாரும் ஒன்றும் சொல்வதற்கு முன் அவரே பிரித்துப் போட்டுவிட்டார். "மச்சான் பார்த்துட்டே இருக்கார்" என்றார். ஆட்டு நிழலை முன்பே வாசித்துக் காட்டிவிட்டேன், அண்ணா. மன்னித்துவிட்டாராம்.

ஊரே செங்கல்லைத் தலையில் சுமந்து வறண்ட ஆற்றைக் கடந்தது. டென்மார்க் செங்கல்லையும் விடவில்லை, உள்சுவரில் ஒரு வரிசை வைத்திருக்கிறோம். அந்த வரிசை மட்டும் அலை அலையாகப் போகிறது. காரின் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டாள். சுவர் முடிந்ததைக் காட்டியபோது, தாங்கள் சொன்ன தேதிக்கு முன்பே முடித்த ஊர் இது ஒன்றுதான் என்று சொன்னாள். லெமியா அதை எல்லோருக்கும் கேட்கும்படி மறுபடி சொல்ல வைத்தார்.

தகடு அடித்து முடித்த மறுநாள் மழை வந்தது. பெண்கள் எல்லோரும் உள்ளே போய் நின்றோம். தகட்டுச் சத்தத்தில் ஒருத்தி பேசுவது இன்னொருத்திக்குக் கேட்கவில்லை. ஒரு சொட்டும் உள்ளே விழவில்லை. யாரோ குலவை போட்டாள், பிறகு எல்லோரும் போட்டோம். நான் சுவரைத் தொட்டுக்கொண்டு அழுதேன். அம்மா கீரை பறித்த இடத்தில், அண்ணா, நனையாமல் நின்று அழுதேன்.

ஒரு விஷயம். வாசற்படி மட்டும் வைக்கவில்லை. வைசன் வைக்க வந்தார், நான் விடவில்லை. மூலை நான்கும் உங்கள் கை தப்பிவிட்டது, படியாவது உங்களுக்கு இருக்கட்டும். இப்போதைக்கு ஆற்றுக்கல் ஒன்றைப் போட்டிருக்கிறேன். அது ஆடுகிறது. வயிற்றோடு வருகிறவர்கள் அதில் தடுமாறி உங்களைத்தான் திட்டுகிறார்கள்.

கால் வலி கூடியிருக்கிறது. இப்போது ஊருக்கே தெரியும், யாரும் சொல்வதில்லை.

எனெலேசி

*

ஜோஹன்னஸ்பர்க்
7 டிசம்பர் 1997

அருமைத் தங்கைக்கு,

நலம். முதுகைக் கேட்காதே.

வங்கி திறந்துவிட்டார்கள். நாடா வெட்டினார்கள், படம் எடுத்தார்கள். அடுத்த நாள் நான் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். கிழக்கு மூலையை உள்ளிருந்து பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை. காவலாள் என்ன வேலை என்று கேட்டான். இந்த மூலை நான் கட்டியது என்றேன். "கட்டினா என்ன? கணக்கு இருக்கா?" என்றான். இல்லை என்றேன். வெளியே கையைக் காட்டினான். அவனைக் குற்றம் சொல்லவில்லை, அவன் வேலை அது. தெரு முழுக்க என் மூலைகள் நிற்கின்றன, ஒன்றிலும் எனக்கு உள்ளே போக வழியில்லை.

உன் வீட்டில் நான் வைக்க ஒரு படி மிச்சமிருக்கிறது என்பதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

வருவதைப் பற்றி ஒன்றும் எழுதமாட்டேன். எழுதி எழுதி அந்த வார்த்தை தேய்ந்துவிட்டது.

ஆறு எழும்புவதற்கு முன் அக்கரைக்குப் போய்விடு. கோழியைப் பார்க்க வேண்டும், சோளத்துக்குக் களை எடுக்க வேண்டும் என்று ஒரு நாளும் தள்ளிப்போடாதே.

சகேயோ

*

சிம்வாங்கா
18 ஜனவரி 1998

மரியாதைக்குரிய மச்சானுக்கு, வைசன் எழுதுவது.

நான் எழுந்தேன். நீங்களும் எழுந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். பெண்டாட்டி ஊரில் வந்து குடியிருக்கிறவன், பெண்டாட்டியின் அண்ணனுக்கு முதல்முறையாகக் கடிதம் எழுதுகிறேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனெலேசி கிறிஸ்துமஸுக்கு முன்பே அக்கரை வீட்டுக்குப் போய்விட்டாள். கோழிகளை என்னிடம் ஒப்படைத்து, ஒவ்வொன்றுக்கும் என்ன குணம் என்று சொல்லிவிட்டுப் போனாள். புத்தாண்டை ஒட்டி ஆறு எழும்பியது. அப்புறம் அக்கரை வேறு நாடு. உங்கள் கடிதம் அவளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை, என்னிடம்தான் இருக்கிறது. பிரிக்கவில்லை.

போவதற்கு முன் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். தாயும் பிள்ளையும் நலம் என்றால் அவளுடைய மஞ்சள் துணியைக் கூரை முனையில் கட்ட வேண்டும். நலமில்லை என்றால் என்ன கட்டுவது என்று நான் கேட்டேன். "அதுக்கு ஒண்ணும் கட்ட வேண்டாம்" என்றாள். அதனால் துணி இல்லாத ஒவ்வொரு நாளும் எனக்கு எப்படிப் போயிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். விடிந்ததும் கரைக்குப் போவேன். தகடு மின்னும், மூலைகள் நேராக நிற்கும். துணி இருக்காது. முன்பு இரண்டு தடவை அதே கரையில் அவளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவன் நான். மச்சான், கொத்து வேலையில் நான் சுமார்தான். நிற்பதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை காலை மஞ்சள் துணி பறந்தது.

அக்கரையில் பெண்கள் வரிசையாக நின்று குலவை போட்டார்கள். ஆற்றுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, வாய் அசைவது மட்டும் தெரிந்தது. இக்கரையில் நம் பெண்கள் பதிலுக்குப் போட்டார்கள். அதுவும் அங்கே கேட்டிருக்காது. கபிச்சியின் மருமகன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையில் ஓடினான். லெமியா சொன்னார், "இந்த மழைக்கு நம்ம கரையில ஒரு பொம்பளையும் சாகலை. எழுதி வச்சுக்கோங்க." ஆகவே எழுதுகிறேன்.

ஆணா பெண்ணா என்பதற்குத் துணி வைத்துக்கொள்ள மறந்துவிட்டோம். அதனால் தெரியவில்லை.

பிள்ளைக்கு இன்னும் பெயர் இல்லை. அது தாய்மாமன் வாயால் வர வேண்டியது. அதற்காகவே இந்தக் கடிதம்.

உங்கள் மச்சான்,
வைசன்

*

சிம்வாங்கா, இக்கரை
15 பிப்ரவரி 1998

அருமைத் தங்கைக்கு,

இந்தக் கடிதம் லக்சன் பஸ்ஸில் வரவில்லை. ஆஸ்பத்திரித் தோணியில், மருந்துப் பெட்டிமேல் உட்கார்ந்து வருகிறது. லக்சன் பஸ்ஸில் நான் வந்துவிட்டேன்.

தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஆனால் இன்னும் பெட்டியை ஏற்றுவேன், ஆளை ஏற்றமாட்டேன் என்கிறான் தோணிக்காரன். கெஞ்சிப் பார்த்தேன். "இத்தனை வருஷம் இருந்தீங்க, இன்னும் நாலு நாள் இருங்க" என்றான்.  கரையிலேயே உட்கார்ந்திருக்கிறேன். மாப்பிள்ளை பக்கத்தில் நிற்கிறார். நிற்பதில் கெட்டிக்காரர்தான். இங்கிருந்து உன் வீட்டைக் கண்ணை இடுக்கிப் பார்த்தேன். நான்கு மூலையும் நேராக இருக்கிறது. மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் திரும்பிக்கொண்டு ஆற்றைப் பார்த்தார்.

மடியில் உளியும் சுத்தியலும் இருக்கின்றன. படிக்கு வேண்டிய கல்லையும் பார்த்துவிட்டேன், கபிச்சி வீட்டுப் பின்னால் கிடக்கிறது. அவர் மருமகனிடம் கேட்டேன். "எடுத்துக்கோங்க மாமா. அவரும் ஒரு தடவை அக்கரைக்குப் போய் வரட்டும்" என்றான். ஆடுகிற ஆற்றுக்கல்லை எடுத்து எறிந்துவிடாதே, அதை நானே எடுக்க வேண்டும்.

பெயர் என்ன என்று மாப்பிள்ளை வந்ததிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார். காகிதத்தில் எழுதமாட்டேன். பிள்ளை ஆணா பெண்ணா என்றே தெரியாமல் எப்படி எழுத? படியை வைத்து, அதன்மேல் நின்று, பிள்ளையைக் கையில் வாங்கிச் சொல்வேன்.

இதை வாசித்ததும் வெளியே வா. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் வெள்ளைத் தொப்பியோடு இருப்பது நான்தான்.

சகேயோ

*

(அதே காகிதத்தின் பின்புறம்)

அக்கரை

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் இருவரும் நன்றாக எழுந்தோம். வெளியே வந்து நிற்கிறோம், பாருங்கள்.

தொப்பியைக் கழற்றுங்கள். உங்கள் மருமகளுக்கு உங்கள் முகம் தெரிய வேண்டும்.

எனெலேசி